டெபியனில் சரியாக ஓடுகிறது, ராக்கியில் உடைகிறது: பேக்கேஜ் ஸ்கிரிப்ட்களை எப்படி எழுதுவது?

கேள்வி சுருக்கமாக இது: "எங்கள் சர்வீஸுக்கு டெப் (டெபியன், உபுண்டுவுக்கு), ஆர்பிஎம் (ராக்கி, ஃபெடோராவுக்கு) இரண்டு வகைப் பேக்கேஜும் கட்டுகிறோம். இன்ஸ்டால் ஆனபின் ஓட ஒரு ஸ்கிரிப்ட், நீக்கும் முன் ஓட ஒன்று, நீக்கிய பின் ஓட ஒன்று. இரண்டு பேக்கேஜுக்கும் அதே மூன்று கோப்புகள்தான். புதிதாக இன்ஸ்டால் செய்தால் இரண்டிலும் நன்றாக வருகிறது. அப்கிரேட் செய்தால் டெபியனில் பிரச்சினை இல்லை; ராக்கி லினக்ஸில் சர்வீஸ் நின்றுவிடுகிறது, அதற்காக உருவாக்கிய யூசரும் காணாமல் போகிறது. ஏன்? இவற்றை எழுத ஒழுங்கான முறை உண்டா?"

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீக்குவதற்கென்று நீங்கள் எழுதிய ஸ்கிரிப்ட்கள் அப்கிரேடின்போதும் ஓடுகின்றன. டெபியனிலும் அப்படித்தான். அங்கே ஓடும் வரிசை வேறு என்பதால் சேதம் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆர்பிஎம்மில் அப்கிரேட் என்பது, புதியதை இன்ஸ்டால் செய்துவிட்டுப் பழையதை நீக்குவது. முதலில் புதிய பேக்கேஜின் %பிரீ (இன்ஸ்டாலுக்கு முன் ஓடும் ஸ்கிரிப்ட்) ஓடும், கோப்புகள் வந்து உட்காரும், புதிய பேக்கேஜின் %போஸ்ட் (இன்ஸ்டாலுக்குப் பின்) ஓடும். அதற்குப் பிறகு பழைய பேக்கேஜின் %பிரீஅன் (நீக்கும் முன்), பிறகு புதிய பதிப்பில் இல்லாத பழைய கோப்புகள் அழியும், கடைசியாகப் பழைய பேக்கேஜின் %போஸ்ட்அன் (நீக்கிய பின்). உங்கள் ஸ்கிரிப்ட்களை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். %போஸ்ட் யூசரை உருவாக்கி சர்வீஸைத் தொடங்குகிறது. உடனே பழைய %பிரீஅன் வந்து அதை நிறுத்துகிறது. பழைய %போஸ்ட்அன் யூசரை அழிக்கிறது. கடைசி வார்த்தை பழைய பேக்கேஜுடையது. நீங்கள் பார்த்தது இதைத்தான்.

டெபியனின் பேக்கேஜ் கருவியான டிபிகேஜி வேறு மாதிரி போகும். பழைய பேக்கேஜின் ப்ரீஆர்எம் (நீக்கும் முன்), புதிய பேக்கேஜின் ப்ரீஇன்ஸ்ட் (இன்ஸ்டாலுக்கு முன்), கோப்புகள் பிரிப்பு, பழைய பேக்கேஜின் போஸ்ட்ஆர்எம் (நீக்கிய பின்), கடைசியில் புதிய பேக்கேஜின் போஸ்ட்இன்ஸ்ட் (இன்ஸ்டாலுக்குப் பின்). இங்கே கடைசி வார்த்தை புதியதுக்கு. பழையது யூசரை அழித்தாலும் புதியது உடனே மறுபடி உருவாக்கிவிடுகிறது, சர்வீஸையும் எழுப்பிவிடுகிறது. அதனால் "சரியாக ஓடுகிறது" என்று நம்பிவிட்டீர்கள். உண்மையில் ஒவ்வொரு அப்கிரேடிலும் உங்கள் யூசர் செத்துப் பிழைக்கிறார். மறுபிறவியில் அதே யூஐடி (யூசரின் எண்) கிடைக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. வேறு எண் வந்தால் /வார்/லிப் கீழே இருக்கும் தரவு முழுக்கப் பழைய எண்ணின் பெயரில் கிடக்கும், சர்வீஸால் எழுத முடியாது. அந்தப் புகார் வந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்க நாள் கணக்கில் ஆகும்.

ஆக, இந்த ஸ்கிரிப்ட்களை "இன்ஸ்டால் செய்தபோது ஒரு முறை ஓடும்", "நீக்கும்போது ஒரு முறை ஓடும்" என்று நினைத்து எழுதக் கூடாது. எந்தச் சந்தர்ப்பத்துக்காக அழைக்கிறது என்பதைப் பேக்கேஜ் மேலாளர் ஒவ்வொரு தடவையும் ஸ்கிரிப்டிடம் சொல்கிறது. அதைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும். உங்கள் மூன்று கோப்புகளிலும் $1 (ஸ்கிரிப்டுக்குத் தரப்படும் முதல் ஆர்கியுமென்ட்) என்பதே ஓர் இடத்திலும் வரவில்லை என்று அடித்துச் சொல்வேன்.

அந்த $1 இரண்டு உலகங்களிலும் வேறுவேறு. ஆர்பிஎம்மில் அது ஓர் எண்: இந்த வேலை முடிந்தபின் இந்தப் பேக்கேஜின் எத்தனை பதிப்புகள் சிஸ்டத்தில் மிஞ்சும் என்பது. புது இன்ஸ்டாலில் %பிரீக்கும் %போஸ்டுக்கும் 1, அப்கிரேடில் 2. பழைய பேக்கேஜின் %பிரீஅன், %போஸ்ட்அன் இரண்டுக்கும் அப்கிரேடில் 1. முழுதாக நீக்கும்போது 0. எனவே "நீக்கும் வேலை" எதுவானாலும் $1 சுழியா என்று பார்த்த பிறகே செய்யுங்கள். இனி எழுதும் ஸ்கிரிப்ட்களில் உங்கள் ராக்கி பிரச்சினை வராமலிருக்க இந்த ஒரு நிபந்தனை போதும்; ஏற்கனவே வெளியே போனவற்றுக்குக் கீழே வருகிறேன்.

டிபிகேஜி எண்ணுக்குப் பதில் சொல் கொடுக்கும். ப்ரீஆர்எம்முக்கு 'ரிமூவ்' அல்லது 'அப்கிரேட்'. போஸ்ட்ஆர்எம்முக்கு 'ரிமூவ்', 'பர்ஜ்', 'அப்கிரேட்' இவற்றில் ஒன்று. போஸ்ட்இன்ஸ்டுக்கு வழக்கமாக 'கன்ஃபிகர்', கூடவே $2வில் கடைசியாக கன்ஃபிகர் ஆன பதிப்பின் எண். முதல் இன்ஸ்டால் என்றால் $2 காலி. இவை போக, பாதியில் ஏதாவது தோற்றால் பின்வாங்குவதற்கு 'அபார்ட்-அப்கிரேட்', 'அபார்ட்-ரிமூவ்', 'ஃபெயில்டு-அப்கிரேட்' என்று சில உண்டு. கேஸ் வாக்கியம் ஒன்றைப் போட்டு, தெரிந்த சொற்களுக்கு வேலை எழுதி, தெரியாத சொல் வந்தால் பிழை சொல்லி வெளியேறுவது டெபியன் பக்க வழக்கம். நல்ல வழக்கம்தான்.

இதிலிருந்தே தெரியும், ஒரே கோப்பை இரண்டு பேக்கேஜுக்கும் கொடுப்பது சரிப்படாது. இரண்டு வகையையும் ஒரே கட்டளையில் கட்டித்தரும் கருவிகள் இந்த ஆசையைத் தூண்டிவிடுகின்றன. பொதுவான வேலைகளை ஒரு கோப்பில் ஃபங்ஷன்களாக வைத்து, பேக்கேஜ் கட்டும்போது இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளலாம். எப்போது எதை அழைப்பது என்ற பகுதி தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும். இன்னொரு சின்ன கண்ணி: ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல்லான /பின்/எஸ்ஹெச் ராக்கியில் பாஷ், டெபியனிலும் உபுண்டுவிலும் அது டேஷ். உபுண்டு 2006இல் 6.10 பதிப்பிலேயே மாறிவிட்டது. இரட்டைச் சதுர அடைப்புக்குறி, அர்ரே போன்றவை ஒரு பக்கம் ஓடி மறுபக்கம் விழும். அதோடு, ஆர்பிஎம் ஸ்பெக் கோப்பில் (பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று எழுதும் கோப்பு) ஸ்கிரிப்டின் முதல் வரியாக நீங்கள் எழுதும் #! வெறும் கமென்ட், வேறு ஷெல் வேண்டுமென்றால் -பி ஆப்ஷனில் சொல்ல வேண்டும்.

அடுத்தது முக்கியம், பலர் கவனிக்காதது. இன்றைக்கு நீங்கள் ஸ்கிரிப்டைத் திருத்தி அடுத்த பதிப்பை வெளியிட்டாலும், வாடிக்கையாளர் அந்தப் பதிப்புக்கு வரும்போது மறுபடி அதே உடைவு நடக்கும். ஏனென்றால் அப்போது ஓடும் %போஸ்ட்அன் அவரது மெஷினில் ஏற்கனவே பதிந்திருக்கும் பழைய ஸ்கிரிப்ட். வெளியே போன நீக்கும் ஸ்கிரிப்டைத் திரும்ப அழைக்க வழியில்லை.

ஆர்பிஎம்மில் இதற்கு மருந்து %போஸ்ட்டிரான்ஸ். புதிய பேக்கேஜின் இந்த ஸ்கிரிப்ட், பழையது நீங்கியது உட்பட மொத்தப் பரிவர்த்தனையும் முடிந்தபின் ஓடும். அங்கே யூசர் இருக்கிறாரா என்று பார்த்து, இல்லையென்றால் உருவாக்கி, தரவு அடைவின் உரிமையைச் சரிசெய்து, சர்வீஸை மறுபடி தொடங்குங்கள். ஒரு சிக்கல் இருக்கிறது: நிர்வாகி தானாகவே நிறுத்தி வைத்திருந்த சர்வீஸையும் இது எழுப்பிவிடும். அதனால் புதிய பேக்கேஜின் %பிரீயிலேயே, பழைய ஸ்கிரிப்ட் கைவைக்கும் முன், சர்வீஸ் ஓடிக்கொண்டிருந்ததா, பூட்டில் தொடங்கும்படி இருந்ததா, யூஐடி எது என்று /ரன் கீழே ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வைத்துவிடுங்கள். %போஸ்ட்டிரான்ஸ் அதைப் படித்து நடக்கட்டும். பழைய பதிப்புகள் புழக்கத்திலிருந்து போகும்வரை இந்தத் துண்டு இருக்கட்டும், எதற்காக என்று மேலே கமென்ட் எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் "தேவையில்லாத கோட்" என்று அழித்துவிடுவார்.

டிபிகேஜியில் இதற்கான ஏற்பாடு உள்ளுக்குள்ளேயே உண்டு. பழைய ப்ரீஆர்எம் 'அப்கிரேட்' என்று அழைக்கப்பட்டுத் தோற்றால், டிபிகேஜி புதிய பேக்கேஜின் ப்ரீஆர்எம்மை 'ஃபெயில்டு-அப்கிரேட்' என்று அழைத்துப் பார்க்கும். அது சுழியோடு முடிந்தால் அப்கிரேட் தொடரும். போஸ்ட்ஆர்எம்முக்கும் அப்படியே. அதாவது பழைய ஸ்கிரிப்ட் பிழையோடு வெளியேறினால் புதியதைக் கொண்டு காப்பாற்றலாம். தவறான வேலையைச் செய்துவிட்டு வெற்றிகரமாக வெளியேறினால் முடியாது.

சரி, எக்ஸிட் கோட் பற்றி, அதாவது ஸ்கிரிப்ட் முடியும்போது திருப்பித் தரும் எண்: சுழி என்றால் வெற்றி, மற்றவை தோல்வி. இதிலும் இரண்டு பக்கமும் குணம் வேறு. டெபியனில் போஸ்ட்இன்ஸ்ட் தோற்றால் பேக்கேஜ் பாதி கன்ஃபிகர் ஆன நிலையில் நிற்கும். அதை நம்பியிருக்கும் மற்ற பேக்கேஜ்களும் கன்ஃபிகர் ஆகாமல் காத்திருக்கும். அதற்குப் பிறகு ஆப்ட்டில் (டிபிகேஜிக்கு மேலே இருக்கும் இன்ஸ்டால் கருவி) எதைச் செய்தாலும் இந்தப் பிழை வந்து நிற்கும். ப்ரீஆர்எம் தோற்றால் இன்னும் கேவலம்: பேக்கேஜை நீக்கவே முடியாது. /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோவுக்குள் போய் ஸ்கிரிப்டைக் கையால் திருத்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அவர்கள் யாரோ ஒருவரின் அரைகுறை ப்ரீஆர்எம்மால் அங்கே வந்தவர்கள். ஏற்கனவே நின்றுபோன சர்வீஸை நிறுத்தப் போய்ப் பிழை, கையால் அழிக்கப்பட்ட யூசரை அழிக்கப் போய்ப் பிழை, இப்படித்தான்.

ஆர்பிஎம்மில் %பிரீ தோற்றால் பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகாது. %போஸ்ட் தோற்றால் வெறும் எச்சரிக்கை. %பிரீஅன் தோற்றால் பழைய பேக்கேஜ் நீங்காது. அப்கிரேடில் இது நடந்தால் ஆர்பிஎம் தரவுத்தளத்தில் இரண்டு பதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வழக்கமாக அங்கே கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோடுதான் ஸ்கிரிப்டின் எக்ஸிட் கோட். ஃபெடோரா பேக்கேஜ்களில் வரிக்கு வரி "|| :" என்று முடிவதைப் பார்த்திருக்கலாம். தோற்றாலும் பரவாயில்லை, சுழியாகவே போ என்று அர்த்தம்.

டெபியன் பக்கத்தில் "செட் -இ" போட்டுத் தொடங்குவது மரபு. எந்தக் கட்டளை தோற்றாலும் ஸ்கிரிப்ட் நிற்கும். இரண்டையும் கலந்து என் கருத்து: உருவாக்கும் வேலையில் கறாராக இருங்கள், நீக்கும் வேலையில் தாராளமாக இருங்கள். யூசரை உருவாக்க முடியவில்லை என்றால் கத்திவிட்டு நிற்பதுதான் சரி. நீக்கும்போது, நீக்க வேண்டியது ஏற்கனவே இல்லை என்றால் அது நல்ல செய்தி, அதற்காக நிற்கக் கூடாது.

எந்த ஸ்கிரிப்டும் இரண்டாவது முறை ஓடினாலும் அதே முடிவுக்கு வர வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. போஸ்ட்இன்ஸ்ட் நடுவில் மின்சாரம் போனால், மறுபடி 'டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' கொடுக்கும்போது முதல் வரியிலிருந்து ஓடும். கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்க்கும் ஸ்கிரிப்ட் என்றால் வரி இரண்டாகிவிடும். எதைச் செய்யும் முன்னும் "இது ஏற்கனவே இருக்கிறதா" என்று கேளுங்கள்.

யூசரை நீக்குவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: நீக்கவே வேண்டாம். பேக்கேஜ் போனபின்னும் அந்த யூஐடிக்குச் சொந்தமான லாக், பேக்கப், தற்காலிகக் கோப்பு என்று ஏதாவது டிஸ்கில் மிஞ்சும். எண் காலியானதும் அடுத்து வரும் வேறொரு சர்வீஸுக்கு அதே எண் போகும். உங்கள் வாடிக்கையாளரின் தரவு அந்தப் புதியவருக்குச் சொந்தமாகிவிடும். ஃபெடோராவின் பேக்கேஜிங் விதிகள் பேக்கேஜ் உருவாக்கிய யூசரையும் குரூப்பையும் எப்போதும் நீக்குவதில்லை என்றே சொல்கின்றன. பாஸ்வேர்ட் கோப்பில் ஒரு வரி கூடுதலாக இருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

தரவை அழிப்பதும் அப்படித்தான், இன்னும் எச்சரிக்கையாக. டெபியனில் 'ரிமூவ்' என்றால் நிரல் மட்டும் போக வேண்டும், கன்ஃபிகரேஷனும் தரவும் நிற்க வேண்டும். 'பர்ஜ்' என்றால்தான் மிச்சமும். பர்ஜிலும் டேட்டாபேஸ் மாதிரி திரும்பக் கிடைக்காத சமாச்சாரம் என்றால் கேட்டுவிட்டு அழியுங்கள். டெபியனின் போஸ்ட்கிரஸ்க்யூஎல் பேக்கேஜ் அப்படித்தான் கேட்கிறது. ஆர்பிஎம்மில் பர்ஜ் என்ற நிலையே கிடையாது, அதனால் அங்கே தரவைத் தொடாதீர்கள்.

அழிக்கும் வரியை எழுதும்போது கை நடுங்குவது நல்லது. 2011இல் பம்பிள்பீ என்ற கிராபிக்ஸ் மென்பொருள் திட்டத்தின் இன்ஸ்டால் ஸ்கிரிப்டில், அழிக்க வேண்டிய பாதையில் /யுஎஸ்ஆர் என்பதற்கும் /லிப் என்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. ரூட் உரிமையோடு ஓடிய அந்த வரி /யுஎஸ்ஆர் முழுவதையும் துடைத்தது. 2015இல் வெளியே வந்த, ஸ்டீம் என்ற கேம் மென்பொருளின் பிழை இன்னொரு ரகம்: தொடங்கும் ஸ்கிரிப்டில் அடைவின் பெயர் இருக்க வேண்டிய மாறி காலியாக வந்ததால், அதற்குப் பின்னால் இருந்த "/*" மட்டும் மிஞ்சி, யூசரால் எழுத முடிந்த கோப்பெல்லாம் போயின. அந்த இடத்தில் "பயமா இருக்கு" என்ற பொருளில் ஒரு கமென்ட் வேறு இருந்தது! அழிக்கும் பாதையை மாறியில் வைக்காமல் முழுதாக எழுதுங்கள். மாறி தேவை என்றால் ஷெல்லின் ":?" வடிவத்தைப் பயன்படுத்துங்கள், காலியாக இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்.

போஸ்ட்ஆர்எம் பர்ஜுக்காக ஓடும் நேரத்தில் நீங்கள் சார்ந்திருந்த பேக்கேஜ்கள் எதுவும் இல்லாமல் போயிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அடிப்படைப் பேக்கேஜ்களை மட்டுமே நம்பலாம். வேறு கட்டளை வேண்டுமென்றால் "கமாண்ட் -வி" வைத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழையுங்கள். ப்ரீஇன்ஸ்டுக்கும் இதே விதி. அங்கே கூடுதலாக எதாவது தேவையென்றால் ப்ரீ-டிபெண்ட்ஸில் (முன்கூட்டியே இருக்க வேண்டிய பேக்கேஜ்களின் பட்டியல்) சொல்ல வேண்டும்.

கன்ஃபிகரேஷன் கோப்புகள்: பேக்கேஜ் கொண்டுவந்த /ஈடிசி கோப்பை போஸ்ட்இன்ஸ்டில் எஸ்இடி (எழுத்தைத் தேடி மாற்றும் கட்டளை) வைத்துத் திருத்தாதீர்கள். டிபிகேஜி பழைய பேக்கேஜில் வந்தது, இப்போது டிஸ்கில் இருப்பது, புதிய பேக்கேஜில் வருவது மூன்றையும் ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கிறது. நீங்கள் திருத்தினால் அது நிர்வாகி திருத்தியதாகக் கணக்காகும். அடுத்த அப்கிரேடில், தான் தொடாத கோப்பைப் பற்றி அவரிடம் கேள்வி வந்து நிற்கும். ஆளில்லாமல் ஓடும் அப்கிரேட் என்றால் அங்கேயே சிக்கும். ஆர்பிஎம்மில் 'நோரீப்ளேஸ்' குறி இட்டால் நிர்வாகி திருத்திய கோப்பு நிற்கும், புதியது .ஆர்பிஎம்நியூ என்று பக்கத்தில் வரும். அந்தக் குறி இல்லாவிட்டால் அவர் திருத்தியது .ஆர்பிஎம்சேவ் என்று ஒதுக்கப்பட்டுப் புதியது இடத்தைப் பிடிக்கும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், இயல்பு அமைப்புகளை /யுஎஸ்ஆர் கீழே வைத்து, /ஈடிசியில் நிர்வாகி எழுதியது இருந்தால் அது மேலெழும்படி உங்கள் நிரலையே எழுதிவிடலாம்.

தரவின் வடிவத்தை மாற்றுவதும் (டேட்டாபேஸ் ஸ்கீமா போன்றவை) ஸ்கிரிப்டின் வேலையாக இருக்க வேண்டாம் என்பேன். டிபிகேஜி பழைய பதிப்பைச் சொல்கிறது, ஆர்பிஎம் வெறும் எண்ணைத்தான் தருகிறது. எங்கிருந்து எங்கே வருகிறோம் என்று தெரியாமல் என்ன மாற்றுவது? தரவுக்குள்ளேயே ஒரு பதிப்பு எண் வைத்து, சர்வீஸ் தொடங்கும்போது அதுவே பார்த்து மாற்றிக்கொள்ளட்டும். டெபியனில் பதிப்பைப் பார்த்தே தீர வேண்டிய இடம் இருந்தால், ஷெல்லில் எழுத்து எழுத்தாக ஒப்பிடாமல் டிபிகேஜியின் --கம்பேர்-வெர்ஷன்ஸ் ஆப்ஷனைப் பயன்படுத்துங்கள். அதில் 'எல்டி' (இதைவிட முந்தையதா என்ற ஒப்பீடு) காலிப் பதிப்பை எல்லாவற்றுக்கும் முந்தையதாக எடுத்துக்கொள்ளும், அதாவது புது இன்ஸ்டாலிலும் உங்கள் மாற்றும் வேலை ஓடும். 'எல்டி-என்எல்' அப்படிச் செய்யாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று: இதில் பெரும்பகுதியை நீங்கள் எழுதவே தேவையில்லை. சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி படிக்கும் கோப்புகள் இரண்டு போதும்: யூசருக்கு சிஸ்யூசர்ஸ் கோப்பு ஒன்று, அடைவுகளுக்கும் உரிமைகளுக்கும் டிஎம்பிஃபைல்ஸ் கோப்பு ஒன்று. ஆர்பிஎம் 4.19 முதல் சிஸ்யூசர்ஸ் கோப்பை அதுவே படித்து யூசரை உருவாக்கிக்கொள்ளும். சர்வீஸுக்கு ஸ்பெக் கோப்பில் %சிஸ்டம்டி_போஸ்ட், %சிஸ்டம்டி_பிரீஅன், %சிஸ்டம்டி_போஸ்ட்அன்_வித்_ரீஸ்டார்ட் என்ற மூன்று மேக்ரோ. $1 சுழியா என்ற சோதனை அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. டெபியனில் பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்பர் உரிய துண்டுகளை உங்கள் ஸ்கிரிப்டில் #டெப்ஹெல்பர்# என்ற குறி இருக்கும் இடத்தில் ஒட்டும். அந்தக் குறிக்கு மேலே பழக்கதோஷத்தில் "எக்ஸிட் 0" எழுதிவிட்டால் ஒட்டியது எதுவும் ஓடாது. சர்வீஸ் ஏன் தொடங்கவில்லை என்று தேடுவோருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இந்தத் துண்டுகளை விட்டுவிட்டு சிஸ்டம்சிடிஎல்லை (சிஸ்டம்டியின் கட்டளை) நேராக அழைப்பதில் வேறொரு தொல்லையும் உண்டு. கன்டெய்னர் இமேஜ் கட்டும்போது சிஸ்டம்டி ஓடிக்கொண்டிருக்காது. டெபியன் இமேஜ்களில் பாலிசி-ஆர்சி.டி என்ற சின்ன ஸ்கிரிப்ட் 101 என்று திருப்பித் தந்து "இங்கே எதையும் தொடங்காதே" என்கிறது. டெப்ஹெல்பர் துண்டுகள் அதை மதிக்கும், உங்கள் நேரடிக் கட்டளை மதிக்காது. பழக்கவழக்கமும் வேறு: டெபியனில் இன்ஸ்டால் ஆனதுமே சர்வீஸ் தொடங்குவது இயல்பு, ஃபெடோரா குடும்பத்தில் ப்ரீசெட் (எதெல்லாம் தானாகத் தொடங்கலாம் என்ற சிஸ்டத்தின் பட்டியல்) சொன்னால்தான் எனேபிள் ஆகும். உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அந்தந்த ஊர் வழக்கப்படி விடுங்கள்.

போஸ்ட்இன்ஸ்டில் இணையத்திலிருந்து எதையாவது இறக்குவது, டெர்மினலில் கேள்வி கேட்பது, தரவு அடைவு முழுக்க ஒவ்வொரு அப்கிரேடிலும் உரிமையாளரை மாற்றும் 'சிஹெச்ஓன் -ஆர்' ஓட்டுவது, மூன்றும் வேண்டாம். கடைசியானது பெரிய அடைவில் பல நிமிடம் ஓடும், நிர்வாகி வேண்டுமென்றே மாற்றிய உரிமைகளையும் அழிக்கும்.

சோதனைக்கு: புது இன்ஸ்டால் மட்டும் பார்ப்பது போதாது என்பது உங்கள் கதையிலேயே தெரிகிறது. ஏற்கனவே வெளியிட்ட பதிப்பைப் போட்டு அதிலிருந்து அப்கிரேட், அதே பதிப்பை மறுபடி இன்ஸ்டால், டெபியனில் நீக்கிவிட்டு, பர்ஜ் செய்யாமல், மறுபடி இன்ஸ்டால், நீக்கியபின் பர்ஜ், சர்வீஸைக் கையால் நிறுத்திவிட்டு நீக்குவது. டிபிகேஜியை -டி2 ஆப்ஷனோடு ஓட்டினால் எந்த ஸ்கிரிப்ட் எந்த ஆர்கியுமென்டோடு அழைக்கப்படுகிறது என்று காட்டும். ஆர்பிஎம்மில் '-க்யூபி --ஸ்கிரிப்ட்ஸ்' கட்டிய பேக்கேஜுக்குள் உண்மையில் என்ன போயிருக்கிறது என்று காட்டும். டெபியன் பக்கத்தில் பியூபார்ட்ஸ் என்ற கருவி இன்ஸ்டால், அப்கிரேட், பர்ஜ் மூன்றையும் ஒரு தனிச் சூழலில் ஓட்டி, பின்னால் என்னென்ன கோப்புகள் மிஞ்சின என்று பட்டியல் தரும். நீங்கள் இப்போது வெளியிடப் போகும் திருத்தத்துக்கு மட்டும், உடைந்த ஸ்கிரிப்டோடு வெளியே போன எல்லாப் பதிப்புகளிலிருந்தும் தனித்தனியாக அப்கிரேட் செய்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் அப்கிரேடுக்கு முன்னும் பின்னும் யூஐடியைக் குறித்துக்கொள்ளுங்கள். ராக்கியில் மட்டும் பார்த்து விட்டுவிடாமல், டெபியனிலும்.